திருட்டுத் தளம் மூடிவிட்டது, இனி மங்காவை எங்கே படிப்பது?

கேள்வி:

வணக்கம். பதின்மூன்று வயதில் ஒரு இலவசத் தளத்தில் மங்கா, அதாவது ஜப்பானியச் சித்திரக்கதை, படிக்க ஆரம்பித்தேன், இப்போது இருபத்து நான்கு. போன மாதம் ஒரு நாள் காலையில் அந்தத் தளம் திறக்கவே இல்லை. 212 தொடர்களை அடையாளம் போட்டு வைத்திருந்தேன், எது எந்த அத்தியாயத்தில் நிற்கிறது என்பது உட்பட எல்லாம் போய்விட்டது. நண்பர்கள் வேறொரு தளத்தின் முகவரியை அனுப்புகிறார்கள். எனக்கு இப்போது சம்பளம் வருகிறது, காசு கொடுத்தே படிக்கலாமே என்று தோன்றுகிறது. ஆனால் தேடிப் பார்த்தால் பத்து ஆப், ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு. அந்தத் தளத்தில் இருந்ததெல்லாம் ஒரே இடத்தில் சட்டப்படி கிடைக்க என்ன வழி? கிடைக்காததை என்ன செய்வது? இத்தனை வருடம் படித்ததற்கு வழக்கு ஏதும் வருமா? ஹார்ட் டிஸ்கிலும் கொஞ்சம் இறக்கி வைத்திருக்கிறேன், அதை என்ன செய்ய?

பதில்:

முதல் கேள்விக்கு முதலிலேயே பதில் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் மிச்சத்தைப் பொறுமையாகப் படிப்பீர்கள். அப்படி ஒரு இடம் கிடையாது. எவ்வளவு காசு கொடுத்தாலும் கிடையாது. நீங்கள் பதினோரு வருடம் குடியிருந்த தளத்தைப் போல எல்லாத் தொடரும் ஒரே கூரைக்குக் கீழே இருக்கிற சட்டபூர்வமான சேவையை யாரும் நடத்தவில்லை, அதைத்தான் தேடுவேன் என்று நின்றால் இரண்டு வாரத்தில் அலுத்துப்போய் நண்பர் அனுப்பிய முகவரிக்கே போய்விடுவீர்கள். பலர் அப்படிப் போனதைப் பார்த்திருக்கிறேன்.

நான் இந்தத் தொழிலில் எங்கே இருக்கிறேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஜப்பானிய மங்காவின் ஆங்கிலப் பதிப்புகளுக்குப் பேச்சுக்குமிழிகளில் எழுத்துப் பதிப்பது என் வேலை, லெட்டரிங் என்பார்கள், ஒன்பது வருடமாகச் செய்கிறேன். பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி. நீங்கள் ஒரு அத்தியாயத்தைத் திருட்டில் படித்தால் அன்றைக்கே என் பையிலிருந்து எதுவும் குறையாது. தொடர் விற்கவில்லை, அடுத்த பாகத்துக்கு உரிமை வாங்கப் போவதில்லை என்று பதிப்பகம் முடிவெடுக்கும்போதுதான் எனக்கு வேலை போகும். ஆக, நான் நடுநிலையான ஆள் இல்லை, அதை மனதில் வைத்துக்கொண்டே படியுங்கள்.

முதலில் செய்ய வேண்டியது சேவை தேடுவது அல்ல. உங்கள் பிரவுசரின் வரலாற்றைத் திறந்து, அந்தத் தளத்தின் பெயரைத் தேடலில் போட்டு, வருகிற பக்கங்களை எங்காவது நகல் எடுத்து வையுங்கள். இன்றைக்கே. க்ரோம் 90 நாள் வரைக்கும்தான் வரலாற்றை வைத்திருக்கும், தளம் மூடியதே போன மாதம் என்பதால் உங்களுக்கு இன்னும் சில வாரம்தான் இருக்கிறது. தளம் செத்துப்போனாலும் தலைப்பும் அத்தியாய எண்ணும் அந்த வரிகளிலேயே இருக்கும்.

அப்புறம் அந்தப் பட்டியலைப் பார்த்து உங்களையே ஒரு கேள்வி கேளுங்கள்: இதில் எத்தனைத் தொடரின் நாயகன் பெயர் எனக்குத் தெரியும்? விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நானும் ஒரு காலத்தில் 140 தொடர்களை அடையாளம் போட்டு வைத்திருந்தவன்தான், ஒரு மழை நாளில் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்து பார்த்தபோது பெயர் ஞாபகம் வந்தது பதினேழுக்கு மட்டும். மீதியெல்லாம் ‘எப்போதாவது படிக்கலாம்’ என்று கல்யாணப் பந்தியில் இலை பிடித்து வைப்பது போலப் பிடித்து வைத்தது. காசு கேட்காத இடம் நம்மை அப்படிப் பழக்கிவிடுகிறது. உங்கள் 212 இருபத்தைந்தாகச் சுருங்கினால் நான் ஆச்சரியப்பட மாட்டேன், அந்த இருபத்தைந்துக்கு வழி கண்டுபிடிப்பது கஷ்டமே இல்லை.

ஏன் எல்லாம் ஒரே இடத்தில் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் திருட்டுத் தளத்தை அடையாளம் காண்கிற வழியும் அதற்குள்ளேயே இருக்கிறது. ஜப்பானில் ஒரு தொடர் ஒரு பதிப்பகத்தின் இதழிலோ ஆப்பிலோ வெளியாகும். ஷூயிஷா, கோடான்ஷா, ஷோகாகுகான், கடோகவா, ஸ்கொயர் எனிக்ஸ் என்று பெரிய பதிப்பகங்கள் சில, சின்னவை நிறைய. வெளிநாட்டு உரிமை மொழிக்கு ஒன்று, நிலப்பரப்புக்கு ஒன்று, அச்சுக்கு ஒன்று, மின்பதிப்புக்கு ஒன்று என்று தனித்தனியாகப் போகும். ஒரே தொடரின் அச்சு உரிமை ஒருவரிடமும் அத்தியாயம் அத்தியாயமாக ஆப்பில் போடும் உரிமை இன்னொருவரிடமும் இருப்பது சர்வ சாதாரணம். அதனால் எல்லாப் பதிப்பகத்தின் எல்லாத் தொடரும் இலவசமாக ஒரே பக்கத்தில் வரிசை கட்டி நின்றால், வேறு எதையும் பார்க்க வேண்டாம், அது திருட்டு. சந்தேகமாக இருக்கிற மற்ற இடங்களில், நடத்துகிற நிறுவனத்தின் பெயர் வெளிப்படையாக இருக்கிறதா, அத்தியாயத்தின் ஓரத்தில் ஆசிரியர் பெயரோடும் பதிப்பகத்தின் பெயரோடும் காப்புரிமை வரி இருக்கிறதா, பதிப்பகத்தின் சொந்தத் தளம் அந்தச் சேவைக்கு இணைப்பு கொடுக்கிறதா என்று பாருங்கள். ஜப்பானிய மின்புத்தகக் கடைகள் என்றால் ஏபிஜே முத்திரை என்று ஒன்று உண்டு, உரிமை பெற்று விற்கிறவர்களுக்கு மட்டும் எண்ணோடு கொடுப்பது.

சரி, இப்போது சேவைகள். வாராவாரம் வருகிற தொடர்களில் இருந்து ஆரம்பியுங்கள், ஏனென்றால் அங்கேதான் இலவசமாகவே நிறையக் கிடைக்கிறது, பலருக்கு இது தெரியவே தெரியாது. ஷூயிஷாவின் மங்கா பிளஸ் 2019 ஜனவரியில் தொடங்கியது. ஜப்பான், சீனா, தென்கொரியா தவிர உலகம் முழுக்கத் திறக்கும். அவர்களுடைய வார இதழான ஷோனென் ஜம்ப் ஜப்பானில் கடைக்கு வருகிற அதே திங்கட்கிழமை ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும் அத்தியாயம் வந்துவிடும், வேறு சில மொழிகளும் உண்டு, தமிழ் இல்லை. பொதுவான விதி: ஒரு தொடரின் முதல் மூன்று அத்தியாயமும் கடைசி மூன்று அத்தியாயமும் இலவசம். தொடரை விடாமல் பின்தொடர்கிறவருக்கு வாரம் ஒரு அத்தியாயம்தானே தேவை, ஆக ஒரு காசு கொடுக்காமல் வருடம் முழுக்கப் படிக்கலாம், மூன்று வாரம் ஊரில் இல்லாமல் போனால் மட்டும் ஓட்டை விழும். 2023 அக்டோபரில் இதற்குச் சந்தாவும் கொண்டுவந்தார்கள், இரண்டு அடுக்கு: ஓடிக்கொண்டிருக்கிற தொடர்களை முழுதாகப் படிக்க மாதம் 1.99 டாலர், முடிந்துபோன பழைய தொடர்களும் வேண்டும் என்றால் 4.99.

அதே தொடர்களுக்கு இன்னொரு வாசல், விஸ் மீடியாவின் ஷோனென் ஜம்ப் ஆப். விஸ் என்பது ஷூயிஷாவும் ஷோகாகுகானும் சேர்ந்து வைத்திருக்கும் அமெரிக்க நிறுவனம். 2018 டிசம்பரில் மாதம் 1.99 டாலருக்கு ஆரம்பித்தார்கள், பிறகு 2.99 ஆனது. பழைய கிடங்கு மட்டுமே 10,000 அத்தியாயத்துக்கு மேல், ஒரு நாளைக்கு 100 அத்தியாயம் என்று உச்சவரம்பு வைத்துத்தான் தொடங்கினார்கள். நூறைத் தாண்டிப் படிக்கிறவருக்குத் தேவை வேறு ஆப் இல்லை, தூக்கம். குறை என்னவென்றால் இது எல்லா நாட்டிலும் திறக்காது, ஆங்கிலம் அதிகம் புழங்கும் சில நாடுகளில் மட்டும்தான். உங்கள் ஆப் ஸ்டோரில் தெரிகிறதா என்று பாருங்கள், தெரிந்தால் முதல் சந்தாவை இதற்கே கொடுக்கச் சொல்வேன், இந்தக் காசுக்கு இவ்வளவு அத்தியாயம் தருகிற இன்னொன்றை நான் பார்த்ததில்லை. டாலரில் சொன்ன விலையெல்லாம் ஒரு அளவுக்குத்தான், உங்கள் திரையில் காட்டுவதே கடைசி விலை.

இங்கே நீங்கள் கேட்காத ஆனால் மனதில் வைத்திருக்கிற ஒரு விஷயம் இருக்கும்: திங்கட்கிழமை வரைக்கும் ஏன் காத்திருக்க வேண்டும், திருட்டுத் தளத்தில் வியாழக்கிழமையே வந்துவிடுகிறதே?

வருகிறது, உண்மைதான். இதழ் அச்சாகிக் கடைகளுக்குப் போய்ச்சேர நாளாகும், அந்த வழியில் யாரோ ஒருவர் ஒரு பிரதியை முன்கூட்டியே எடுத்துப் படம் பிடித்து அனுப்பிவிடுகிறார். இதற்காக 2024 பிப்ரவரியில் ஜப்பானில் இரண்டு பேரைக் கைதும் செய்தார்கள். ஆனால் அந்த வியாழக்கிழமை அத்தியாயம் எப்படி இருக்கிறது என்று ஒரு தடவை உற்றுப் பாருங்கள். சாணித்தாள் மாதிரி மலிவுத் தாளில் அச்சான பக்கத்தை அவசரத்தில் பிடித்த படம், கறுப்பு எல்லாம் சாம்பலாகி, நடு மடிப்பில் ஒரு முகம் பாதி விழுங்கப்பட்டு, மொழிபெயர்ப்பு நாலு மணி நேரத்தில் நடந்தது. யார் பேசுகிறார் என்பதையே மாற்றிப்போட்ட அத்தியாயங்களை நான் பார்த்திருக்கிறேன். ஜப்பானிய வாக்கியத்தில் எழுவாயைச் சொல்லாமலே விடுவார்கள், நாமும் ‘வந்தேன், போனான்’ என்று வினையை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவோம், ஆனால் ஜப்பானிய வினையில் ஆணா பெண்ணா நானா நீயா என்பது ஒட்டியிருக்காது. அவசரத்தில் செய்கிறவர் ஊகித்துத்தான் போட வேண்டும். துரோகம் செய்தது அண்ணனா தம்பியா என்பதே தலைகீழாகிவிடும், அதை வைத்து மூன்று நாள் வாசகர்கள் சண்டை போடுவார்கள், திங்கட்கிழமை சரியான பதிப்பு வந்ததும் கப்சிப்.

எங்கள் பக்கத்தில் என்ன நடக்கிறது என்பதற்கு ஒரு கட்டத்தைச் சொல்கிறேன். காலியான வகுப்பறை, யாரும் பேசவில்லை. ஜப்பானிய மூலத்தில் படத்துக்குக் குறுக்கே பெரிதாக ‘ஷீ…ன்’ என்று எழுதியிருக்கும். அது அமைதியின் சத்தம். அப்படி ஒரு சத்தம் உண்டா என்று கேட்காதீர்கள், ஜப்பானிய மொழியில் உண்டு. மேலே நான் எழுதிய ‘கப்சிப்’ கிட்டத்தில் வரும், ஆனால் அதில் யாரோ வாயை மூடிக்கொண்ட தொனி இருக்கிறது, இது அதுவும் இல்லை. ஆங்கிலத்தில் என்ன போடுவது என்று மொழிபெயர்ப்பாளர் முடிவு செய்த பிறகு, அந்த எழுத்தை அழிக்க வேண்டும், அழித்த இடத்தில் பின்னால் இருந்த ஜன்னலையும் நாற்காலியையும் நான் வரைந்து நிரப்ப வேண்டும், அதன் மேல் அதே கனத்தில் அதே சாய்வில் புது எழுத்து. பேச்சுக்குமிழிகள் இன்னொரு தலைவலி. ஜப்பானிய எழுத்து மேலிருந்து கீழே ஓடுவதால் குமிழி ஒல்லியாக உயரமாக இருக்கும், ஆங்கில வாக்கியமோ படுத்துக்கொள்ளும். நின்றுகொண்டு தூங்க இடம் இருக்கிற அறையில் கட்டிலைப் போடுகிற வேலை அது. 19 பக்க அத்தியாயத்தில் இப்படி நூறு குமிழி.

ஒரு தடவை ஒரு கிழவர் பேசும் குமிழியில் ஒரு எழுத்தை விட்டுவிட்டேன். வெளியாகி இரண்டு மணி நேரத்தில் கவனித்து, எடிட்டரை எழுப்பி, மாற்றினோம். அந்தத் தப்பு இன்னும் நாலைந்து திருட்டுத் தளங்களில் அப்படியே உட்கார்ந்திருக்கிறது, ஓரத்தில் ‘எங்கள் குழு மொழிபெயர்த்தது’ என்ற முத்திரையோடு. அதாவது அவர்கள் மொழிபெயர்க்கவே இல்லை, நாங்கள் வெளியிட்ட அந்த இரண்டு மணி நேரத்துக்குள் உருவி எடுத்திருக்கிறார்கள். ரசிகர்கள் ஆசையில் தாங்களே ஸ்கேன் செய்து மொழிபெயர்த்துப் போடுகிற ஸ்கேன்லேஷன் என்று நினைத்து நீங்கள் படித்ததில் எத்தனை இந்த வகை என்று சொல்ல முடியாது. ஆசையில் செய்கிறவர்களும் இருக்கிறார்கள், அதை மறுக்கவில்லை. ஆங்கிலத்தில் உரிமை வாங்க யாருமே இல்லாத காலத்தில் வாசகர்களை உருவாக்கியது அவர்கள்தான், இந்தத் தொழிலில் இருக்கிற பாதிப் பேர் அங்கிருந்து வந்தவர்கள். விளம்பரக் காசு வாங்குகிறவர் ஒருவர், உழைத்தவர் வேறொருவர் என்று ஆனதைத்தான் சொல்கிறேன்.

பாயிண்ட் வைத்து நடக்கிற ஆப்களைப் பற்றிச் சுருக்கமாக. கோடான்ஷாவின் கே மங்கா 2023 மே மாதம் அமெரிக்காவில் மட்டும் தொடங்கி, பிறகு பல நாடுகளுக்கு வந்தது. ஸ்கொயர் எனிக்ஸின் மங்கா அப் ஆங்கிலத்தில் 2022 ஜூலையில். தினமும் கொஞ்சம் இலவச டிக்கெட்டோ பாயிண்டோ கிடைக்கும், அதற்கு மேல் வேண்டும் என்றால் பாயிண்ட் வாங்க வேண்டும். பொறுமைசாலிகளுக்கு நல்லது, ஒரு தொடரை நாளுக்கு ஒரு அத்தியாயம் என்று மாதக்கணக்கில் இலவசமாகவே படித்துவிடலாம். ராத்திரி இரண்டு மணிக்கு ‘இன்னும் ஒன்றே ஒன்று’ என்று போகிற ஆளுக்கு ஆபத்து. நான் ஒரு வார இறுதியில் ஒரே தொடருக்குப் பாயிண்டாகக் கொட்டியதைக் கூட்டிப் பார்த்தபோது, அதே தொடரை மின்புத்தகத் தொகுதிகளாக வாங்கியிருந்தால் மலிவாக முடிந்திருக்கும் என்று தெரிந்தது. பாயிண்டை எப்போதும் உங்கள் பணமாக மாற்றிக் கணக்குப் போட்டுவிட்டு அப்புறம் அழுத்துங்கள்.

முடிந்துபோன தொடர்களுக்கும், நீங்கள் திரும்பத் திரும்பப் படிக்கிற ஐந்தாறுக்கும் தொகுதிகளாக வாங்குவதே சரி. மின்புத்தகக் கடை என்றால் கடோகவா குழுமத்தின் புக்வாக்கர், அப்புறம் கிண்டில். புக்வாக்கரில் அடிக்கடி தள்ளுபடி வரும், வாங்கிய காசில் ஒரு பங்கு அந்தக் கடையிலேயே செலவழிக்கிற நாணயமாகத் திரும்பும், ஆசைப்பட்டதைப் பட்டியலில் போட்டுவிட்டுத் தள்ளுபடிக்குக் காத்திருங்கள். காமிக்சாலஜி என்று தனி ஆப் இருந்ததே என்று யாராவது சொன்னால், அது 2023 டிசம்பரில் கிண்டிலுக்குள் கரைந்துவிட்டது.

ஆனால் மின்புத்தகத்தை ‘வாங்கினேன்’ என்று சொல்லும்போது என்ன வாங்குகிறோம் என்பது தெரிந்திருக்க வேண்டும். ஜேமங்கா என்று ஒரு தளம் இருந்தது, ஜப்பானியப் பதிப்பகங்கள் சேர்ந்து நடத்தியது, முழுக்க முழுக்கச் சட்டபூர்வம். 2013 மார்ச்சில் மூடப்போவதாக அறிவித்தார்கள், மே 30க்குப் பிறகு காசு கொடுத்து வாங்கியவர்களாலும் தங்கள் புத்தகத்தைத் திறக்க முடியவில்லை. செலவழிக்காத பாயிண்டுக்குத்தான் ஈடு கிடைத்தது. க்ரஞ்சிரோலின் மங்கா ஆப்பும் 2023 டிசம்பரில் மூடியது, பிறகு 2025 அக்டோபரில் புதிதாக வேறொன்றைத் திறந்தார்கள். ஆக, திருட்டுத் தளம்தான் ஒரு நாள் காலையில் காணாமல் போகும், காசு கொடுத்த இடம் போகாது என்று நான் உங்களுக்குச் சத்தியம் செய்து கொடுக்க மாட்டேன். சந்தாவைச் சினிமா டிக்கெட் மாதிரி பாருங்கள், பார்த்தோம் வந்தோம். மின்புத்தகம் நீண்ட நாள் குத்தகை. பத்து வருடம் கழித்தும் கையில் இருக்க வேண்டும் என்றால் அச்சுப் புத்தகம்தான், இதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை.

நூலகத்தை மறந்துவிடாதீர்கள். உங்கள் நூலகம் லிபி அல்லது ஹூப்லா சேவையில் சேர்ந்திருந்தால் உறுப்பினர் அட்டை ஒன்றிலேயே மங்கா தொகுதிகளை இரவல் வாங்கிப் படிக்கலாம், சேர்ந்திருக்கிறதா என்று கேட்க ஒரு போன் போதும்.

கிடைக்காததை என்ன செய்வது என்ற கேள்வி கொஞ்சம் கசப்பானது. சில தொடர்கள் கிடைக்காதுதான். பெண்களுக்கான இதழ்களில் வந்த பழைய தொடர்கள், பாதியில் நிறுத்தப்பட்டவை, நாற்பது ஐம்பது தொகுதி நீளும் விளையாட்டுத் தொடர்கள் எல்லாம் ஆங்கிலத்தில் வராமலே கிடக்கின்றன, ஐம்பது தொகுதிக்கு உரிமை வாங்கிவிட்டு மூன்றாவது தொகுதியிலேயே விற்பனை படுத்தால் என்ன செய்வது என்று பதிப்பகம் பயப்படும். அதற்கு உங்களால் முடிந்தது, கேட்பது. செவன் சீஸ் பதிப்பகம் மாதாமாதம் வாசகர் கருத்துக்கணிப்பு நடத்துகிறது, எந்தத் தொடருக்கு உரிமை வாங்க வேண்டும் என்று அதில் எழுதலாம், ஒரு தலைப்பு தொடர்ந்து வந்தால் உள்ளே கவனிப்பார்கள். ஜப்பானிய மொழி கற்கும் எண்ணம் கொஞ்சமாவது இருந்தால், புக்வாக்கரின் ஜப்பானியக் கடையில் மூலத்தை வாங்கி எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்குங்கள். சிறுவர் தொடர்களில் கஞ்சி எனப்படும் சீன வழி எழுத்துக்குப் பக்கத்திலேயே உச்சரிப்பைச் சின்னதாகப் போட்டிருப்பார்கள், கஞ்சி என்றதும் அரிசிக் கஞ்சி ஞாபகம் வந்தால் நான் பொறுப்பில்லை. வேறு நாட்டில் இருப்பதாகக் காட்டி விபிஎன் வழியாகச் சந்தா கட்டலாமா என்று அடுத்து கேட்பீர்கள். காசு உரியவருக்குத்தான் போகிறது, மனசாட்சி உறுத்தாது, ஆனால் சேவையின் விதிமுறைப்படி அது மீறல், கணக்கை முடக்கினால் வாங்கியதெல்லாம் போகும், கேட்கவும் முடியாது. சந்தாவுக்கே யோசிப்பேன், அப்படி ஒரு கணக்கில் புத்தகம் வாங்கவே மாட்டேன்.

காசு உண்மையில் வரைந்தவருக்குப் போகிறதா என்று நீங்கள் கேட்கவில்லை, உங்கள் நண்பர்கள் கேட்பார்கள். மங்கா வரைகிறவருக்கு இதழில் பக்கத்துக்கு ஒரு தொகை வரும், அதில் உதவியாளர்களின் சம்பளத்தையும் அவரே கொடுக்க வேண்டியிருப்பதால் பலருக்கு அங்கே மிச்சமே இருக்காது. பிழைப்பு தொகுதிகளின் ராயல்டியில்தான், பொதுவாக விலையில் 10 சதவீத அளவு. ஜப்பானில் 2024இல் அச்சும் மின்பதிப்பும் சேர்த்து மங்கா விற்பனை 70,430 கோடி யென், அதில் 51,220 கோடி மின்பதிப்பு. திரையில் படிப்பது இனி பக்கவாட்டு வருமானம் இல்லை, அதுதான் பிரதானம். இன்னொரு எண்ணையும் காட்டுவார்கள்: 2021இல் திருட்டால் இழப்பு 1 லட்சம் கோடி யென்னுக்கு மேல் என்று, முன்பு சொன்ன முத்திரையைக் கொடுக்கும் ஏபிஜே அமைப்பு கணக்கிட்டது, அந்த வருடத்தின் மொத்த விற்பனையே 67,590 கோடிதான். இலவசமாகப் படித்த ஒவ்வொருவரும் இல்லாவிட்டால் வாங்கியிருப்பார் என்கிற மாதிரியான கணக்கை நான் அப்படியே எடுத்துக்கொள்வதில்லை. பதின்மூன்று வயதில் நீங்கள் வாங்கியிருக்க மாட்டீர்கள். இருபத்து நான்கில் வாங்கலாம் என்று எழுதியிருக்கிறீர்கள், எனக்கு அந்தக் கணக்கு போதும்.

வழக்கு வருமா? நான் வக்கீல் இல்லை, சட்டமும் நாட்டுக்கு நாடு மாறும். என் தொழிலில் நடந்ததை மட்டும் சொல்கிறேன். பெரிய வழக்குகள் எல்லாம் நடத்துகிறவர்கள் மேல்தான் பாய்ந்திருக்கின்றன. மங்காமுரா என்று ஜப்பானில் பிரமாண்டமான ஒரு திருட்டுத் தளம் இருந்தது, 2018 ஏப்ரலில் மூடியது, நடத்தியவர் வெளிநாட்டில் பிடிபட்டு 2021இல் மூன்று வருடச் சிறைத் தண்டனை பெற்றார், 2024 ஏப்ரலில் மூன்று பதிப்பகங்களுக்கு 170 கோடி யென்னுக்கு மேல் நஷ்டஈடு கொடுக்கச் சொல்லி டோக்கியோ நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வெறுமனே படித்தவர்களை யாரும் துரத்தியதாக நான் அறிந்ததில்லை. அதற்குப் பதிலாகக் கதவுகளை மூடுகிறார்கள். 2025 மே மாதம் ஒரு பெரிய தளத்திலிருந்து ஒரே வீச்சில் 700 தொடர்களுக்கு மேல் நீக்க வைத்தார்கள், நண்பர் அனுப்பிய முகவரிக்கும் ஆயுள் எவ்வளவு என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

இறக்கி வைப்பது வேறு கதை. ஜப்பானில் 2021 ஜனவரி 1 முதல், திருட்டு என்று தெரிந்தே மங்காவை இறக்குவது சட்டவிரோதம், முன்பு பாட்டுக்கும் வீடியோவுக்கும் மட்டும் இருந்த விதியை நீட்டினார்கள். காசுக்கு விற்கிற படைப்பைத் திரும்பத் திரும்ப இறக்கினால் இரண்டு வருடம் வரை சிறை அல்லது 20 லட்சம் யென் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று இருக்கிறது. அது அவர்கள் நாட்டுச் சட்டம், உங்கள் நாட்டில் என்ன என்பதை உள்ளூர் வக்கீல்தான் சொல்ல வேண்டும். ஆனால் ஹார்ட் டிஸ்கில் இருப்பதை வைத்துக்கொள்ள ஒரு நல்ல காரணமும் எனக்குத் தெரியவில்லை, அழித்துவிடுங்கள். அழிப்பதற்கு முன்னால் ஃபோல்டர்களின் பெயர்களை மட்டும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பிரவுசர் வரலாற்றில் 90 நாளுக்கு முந்தையது இருக்காது என்று சொன்னேன் அல்லவா, எந்தத் தொடரில் எந்த அத்தியாயத்தோடு நிறுத்தினீர்கள் என்பது அந்தப் பெயர்களில் இருக்கும்.